எந்த வழியில் வருகிறது இந்தப் படம்?

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள நெஞ்சக நோய் மருத்துவமனையில் நான் செவிலியராக வேலை பார்த்தவள். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய இடம் அது. 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. இந்தப் பக்கத்து மக்களுக்கு இன்றும் டி.பி. ஆஸ்பத்திரிதான். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு அங்கே செவிலியருக்கு இன்னொரு வேலை காத்திருக்கும். டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிய நோயாளி, அவர் வார்டைத் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், அவங்க என்ன சொன்னாங்க?" என்று மெல்லக் கேட்பார். சளியில் கிருமி இருக்கிறது, மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது என்று அவருக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வேன். அந்தத் தலையாட்டலைப் பார்த்த மாத்திரத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று.

பணி ஓய்வுக்குப் பின், சேலையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு நானும் அப்படித்தான் தலையாட்டினேன். எதிரே இருந்தவர் ஒரு பிராட்பேண்ட் கம்பெனியிலிருந்து வந்த இளைஞர். "ஆன்ட்டி, ஹண்ட்ரட் எம்.பி.பி.எஸ்., அன்லிமிடெட். ஓ.டி.டி. பண்டில் ஃப்ரீ. லைவ் டி.வி. ஐ.பி.டி.வி.யில வந்துடும், கேபிளே வேணாம். உங்க டி.வி. ஆண்ட்ராய்டுதானே?" என்றார். மரியாதையான பிள்ளை. நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

வெட்கம்தான் காரணம். பிறருக்கு எடுத்துச் சொல்லியே வாழ்நாளைக் கழித்தவளுக்கு, பேரன் வயதுப் பையனிடம் "எனக்குப் புரியலப்பா" என்று சொல்ல நாக்கு எழவில்லை. தெருவில் இன்னும் என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டி இது என்ன என்று கேட்க வருகிறார்கள். விவரம் தெரிந்தவள் என்ற அந்தப் பெயரை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், குரோம்பேட்டை என்று இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் நிறைய. அந்த வீடுகளில் எத்தனையோ பேர் இதே வெட்கத்தோடு தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கையெழுத்தின் பாரம் என் கணவர் மேல் விழுந்தது. பக்கவாதத்தில் வலது கை செயலிழந்து, பேச்சும் பாதி போயிருந்த சமயம். அவருடைய பொழுது டி.வி.யைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தது. காலையில் செய்தி, மத்தியானம் பழைய படம், சாயங்காலம் கச்சேரி, மேட்ச் இருக்கிற நாளில் மேட்ச். வேண்டிய சேனலின் எண்ணை மனப்பாடமாக இடது கையால் அழுத்துவார். வீட்டில் யாருடைய துணையும் இல்லாமல் அவரால் செய்துகொள்ள முடிந்த ஒரே காரியம் அது. புது இணைப்பு வந்ததும் எண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. திரை நிறையக் கட்டம் கட்டமாகப் படங்கள். எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்டது, இல்லையென்றால் சந்தா கட்டச் சொன்னது. அவர் ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரிடம் இருந்த ஒன்றையும் நாம் பிடுங்கிக்கொண்டோமே என்று எனக்கு அன்றைக்கு வந்த துக்கத்தை எழுதிக் காட்ட முடியாது.

வழி காட்டியவர் எங்கள் பழைய கேபிள்காரர். தொண்ணூறுகளில் இந்தத் தெருவில் மொட்டைமாடி மொட்டைமாடியாகக் கறுப்பு ஒயரை இழுத்தவர். இப்போது அவரே ஃபைபர் இணைப்பும் கொடுக்கிறார். சென்னையைச் சுற்றிக் கேபிள் நடத்திய பலர் இப்படி மாறியிருக்கிறார்கள். கேபிளை வேண்டாம் என்று சொன்னவள் என்று முகம் சுளிக்காமல் வந்து உட்கார்ந்தார். நான் தலையாட்டிய வார்த்தைகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பேரை எல்லாம் அப்புறம் பாக்கலாம் சிஸ்டர். ரெண்டே கேள்வி. படம் எந்த வழியில வீட்டுக்கு வருது? எதுக்கு யாருக்குக் காசு குடுக்கறீங்க? இதுக்குப் பதில் தெரிஞ்சா அந்த வார்த்தை புரிஞ்சுட்டுது." இணைய டி.வி. பற்றி நான் கற்றதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளிலிருந்து வந்ததுதான். இதைவிட நல்ல பாடத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

நம் தலைமுறைக்கு வழியும் காசும் எப்படியெல்லாம் மாறி வந்தன என்று நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியபோது படம் காற்றில் வந்தது. மாடியில் ஆன்டெனா, மாதச் சந்தா எதுவும் இல்லை. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டி.வி. வந்த பிறகு வீட்டுக்கு வீடு கேபிள். வழியும் கேபிள்காரருடையது, சேனலும் அவர் தருவது, காசும் அவர் கையில். 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று ஆனது. பெருநகரங்களில் அந்த முறை முதலில் நடைமுறைக்கு வந்தது இங்கேதான். 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி மாறி, 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனலுக்குத் தனிக் காசு என்று பில் இரண்டாகப் பிரிந்தது. அப்போதும் பணம் வாங்க வந்தவர் ஒருவர்தான். இணையத்துக்கு வந்ததும் அது உடைந்துபோனது. வழிக்கு ஒருவருக்குக் கட்டுகிறோம், அந்த வழியில் வரும் படத்துக்கு வேறொருவருக்குக் கட்டுகிறோம். பிராட்பேண்ட் கட்டணம் ஒழுங்காகக் கட்டியிருக்கும்போது ஒரு ஆப் 'சந்தா முடிந்துவிட்டது' என்று சொன்னால் யாரும் ஏமாற்றவில்லை. முடிந்தது இரண்டாவது காசு.

'ஃப்ரீ' என்று அந்த இளைஞர் சொன்னதன் பொருளும் இதில்தான் இருக்கிறது. பண்டில் என்றால், ஆப்புக்கான காசையும் சேர்த்துப் பிராட்பேண்ட் கம்பெனியே வாங்கி, குறிப்பிட்ட காலத்துக்கு அந்த ஆப்பைத் திறந்துவிடுவது. அந்தக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். திட்டத்தை மாற்றினால் ஆப்பும் போய்விடலாம்.

முதலில் வழியைச் சொல்கிறேன். ஃபைபர் என்பது கண்ணாடி இழை. ஒளியாக வருவதை வீட்டுச் சுவரில் மாட்டிய சின்னப் பெட்டி மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. ஓ.என்.டி., ஓ.என்.யூ. என்றெல்லாம் அதற்குப் பெயர். வேலைக்கு வருகிறவர்கள் மோடம் என்றுதான் சொல்கிறார்கள். அதிலிருந்து வை-ஃபையைப் பரப்புவது ரவுட்டர். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியின் முகத்தில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி வீட்டுக்கு வந்து சேரவில்லை. தெருவில் எங்கோ இழை அறுந்திருக்கிறது, அல்லது பெட்டியின் பின்னால் மஞ்சள் ஒயர் மடங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் டி.வி.யை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ஃபோன் செய்து "எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது" என்று சொன்னால் போதும், எதிர்முனையில் இருப்பவர் அடுத்த கேள்வி கேட்காமல் ஆள் அனுப்புகிறார். இழையை ஒட்டவைப்பதற்கு ஸ்ப்லைசிங் என்று பெயர். அதற்கென்று மெஷினோடு ஒருவர் வர வேண்டும்.

நம் பக்கத்தில் இதைத் தெரிந்துவைத்திருப்பது ரொம்ப முக்கியம். ஒயர்கள் எல்லாம் ஈ.பி. கம்பத்திலும் மரத்திலும் தொங்கிக்கொண்டு போகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் மரங்கள் சாய்ந்தபோது அவற்றோடு இந்த ஒயர்களும் போயின. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் பெய்ததையும் இங்கே யாரும் மறக்கவில்லை. காற்றில் வந்த பழைய படத்துக்கு வீட்டில் மின்சாரம் இருந்தால் போதும். இணையத்தில் வரும் படத்துக்கு மோடத்துக்கும் மின்சாரம் வேண்டும், தெருவில் இழையும் அறுபடாமல் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மோடத்தின் பிளக்கையும் அதில் கொடுத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோவும் வீட்டில் இருக்கட்டும்.

அடுத்து எம்.பி.பி.எஸ். இதில்தான் நான் அதிகம் குழம்பினேன். பிடிபட்டது என் பழைய வேலையின் வழியாகத்தான். சலைன் ஏற்றும்போது எங்களுக்கு இரண்டு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு, மொத்தம் எத்தனை மில்லி. எம்.பி.பி.எஸ். சொட்டின் வேகம், ஜி.பி. பாட்டிலின் அளவு. முழு ஹெச்.டி. படத்துக்கு 5 எம்.பி.பி.எஸ்., 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ். போதும் என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. வீட்டில் இரண்டு பேர் இருந்து ஒரு டி.வி., இரண்டு ஃபோன் ஓடினால் நூறு எம்.பி.பி.எஸ். தேவைக்கு மேலே. இருநூறு, முந்நூறு என்று யாராவது விலை உயர்த்திச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள்.

அளவுக் கணக்கு இன்னும் நிம்மதி தரும். அன்லிமிடெட் திட்டங்களிலும் மாதத்துக்கு இவ்வளவு ஜி.பி. தாண்டினால் வேகத்தைக் குறைப்போம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். எஃப்.யூ.பி. என்பது அதுதான். பல திட்டங்களில் அது 3,300 ஜி.பி. ஹெச்.டி. படம் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 3 ஜி.பி. செலவாகும். ஒரு மாதத்தில் இருப்பதே 720 மணி நேரம். இரவு பகல் நிறுத்தாமல் ஓடினாலும் 2,160 ஜி.பி.தான் ஆகும். டேட்டா தீர்ந்துவிடுமோ என்று பயந்து டி.வி.யை அணைத்து அணைத்து வைத்தவள் நான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு அந்தப் பயம் போயிற்று.

இவ்வளவு வேகம் இருந்தும் படம் நின்று வட்டம் சுற்றுகிறதே? பெரும்பாலும் குறை தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. ஓ.டி.டி., அதாவது ஆப்பில் வரும் படம், சில விநாடித் துண்டுகளாக வருகிறது. டி.வி. அடுத்த சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கிச் சேர்த்துக்கொண்டுதான் ஓட்டும். அந்தச் சேமிப்பு பஃபர். அது தீர்ந்து காத்திருப்பது பஃபரிங். ஒவ்வொரு துண்டும் தெளிவாக ஒன்று, சற்று மங்கலாக ஒன்று என்று பல தரத்தில் தயாராக இருக்கும். வரத்து குறைந்தால் டி.வி. தானாக மங்கலானதை எடுத்துக்கொள்ளும். படம் தொடங்கும்போது கலங்கி, பிறகு தெளிவது இதனால்தான். கண்ணில் கோளாறோ என்று யாரும் பயப்பட வேண்டாம்.

வை-ஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயர் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருக்கும். அதற்கும் செல்ஃபோன் 5ஜிக்கும் சம்பந்தம் இல்லை. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டினால் வலு குறையும். மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். தூரம் போகும், வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீடுகளின் வை-ஃபையும் அதில் நெரிசல் உண்டாக்கும். டி.வி.யும் மோடமும் ஒரே அறையில் இருந்தால் 5ஜி என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள். முடிந்தால் லேன் கேபிள் ஒன்றால் இரண்டையும் நேராக இணைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கேபிள்காரர் அதைத்தான் செய்தார். அன்றோடு வட்டம் சுற்றுவது நின்றது.

இப்போது ஐ.பி.டி.வி.யும் ஓ.டி.டி.யும். இரண்டும் இணைய இணைப்பில்தான் வருகின்றன என்பதால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். ஐ.பி.டி.வி. என்பது பிராட்பேண்ட் கம்பெனி தன் சொந்த வலைக்குள்ளேயே அனுப்பும் நேரலைச் சேனல். ஒரு சேனலுக்கு ஓர் ஓடை. அதைக் கேட்கும் வீடுகளுக்கெல்லாம் வழியில் அதுவே கிளை பிரிந்து போகும். பொது இணையத்தின் நெரிசல் அதைத் தொடாது. சேனல் எண், ரிமோட் எல்லாம் கேபிள் போலவே இருக்கும். மத்திய அரசு இதற்கான நெறிமுறைகளை 2008இலேயே வெளியிட்டுவிட்டது. நம் வீடுகளுக்குப் பரவலாக வருவது இப்போதுதான். பி.எஸ்.என்.எல். 2024 அக்டோபரில் ஐ.எஃப்.டி.வி. என்ற பெயரில் ஃபைபர் வழி டி.வி.யை முதலில் மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. அதைப் பார்ப்பதற்கான டேட்டா இணையத் திட்டத்தின் கணக்கில் கழியாது என்றும் அறிவித்தது. ஏர்டெல் 2025 மார்ச்சில் ஐ.பி.டி.வி. சேவையை அறிவித்தது.

ஓ.டி.டி. அப்படி இல்லை. இணையம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதன் மேல் ஏறி வரும். நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ, 2017இல் வந்த சன் நெக்ஸ்ட், 2022 தமிழ்ப் புத்தாண்டு முதல் தமிழில் வரும் ஆஹா எல்லாம் இந்த வகை. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஓடை. துண்டு துண்டாகச் சேர்த்து ஓட்டுவதால் நேரலையும் பிந்தி வரும். அரை நிமிடம்கூட ஆகலாம். சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்தால் டிஷ் வைத்திருக்கும் எதிர்வீட்டுக் கூச்சல் முதலில் கேட்கும், எங்கள் திரையில் பந்து பிறகுதான் போடப்படும். என் கணவருக்கு இது பெரிய வருத்தம். எங்கள் டி.வி. கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்திருந்தார். காரணத்தைச் சொன்னபோது முகம் தெளிந்தது.

மேட்ச் விஷயத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆப்பின் பெயரே மாறிவிடும். 2015இல் வந்த ஹாட்ஸ்டார், பிறகு டிஸ்னியின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவோடு இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. பழைய பெயரில் அது இப்போது இல்லை. காணாமல் போய்விட்டது என்று கலங்க வேண்டாம்.

மொபைல் திட்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வயதானவர்கள் அதிகம் மனம் நொந்துபோவது இங்கேதான். ரீசார்ஜோடு ஓர் ஆப் இலவசமாக வந்தது, ஃபோனில் ஓடுகிறது, டி.வி.யில் மட்டும் பணம் கேட்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் 2019 ஜூலையில் இந்தியாவுக்கென்று 199 ரூபாய்க்கு மொபைல் திட்டம் கொண்டுவந்து, 2021 டிசம்பரில் அதை 149 ஆகக் குறைத்தது. அந்தத் திட்டத்தில் ஃபோனிலும் டேப்லெட்டிலும் பார்க்கலாம், டி.வி.யில் பார்க்க முடியாது. வேறு ஆப்களும் இப்படி விற்கின்றன. பணம் கட்டும் முன் "இது டி.வி.யில வருமா? ஒரே நேரத்துல எத்தனை திரையில வரும்?" என்று கேட்டுவிட்டால் பிறகு வருத்தம் இல்லை.

டி.வி. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு டி.வி., கூகுள் டி.வி. என்பவை டி.வி.க்குள் ஓடும் மென்பொருளின் பெயர். சாம்சங், எல்.ஜி. டி.வி.களில் வேறு மென்பொருள் இருக்கும். அதனால் சில ஆப்கள் ஒன்றில் கிடைத்து மற்றதில் கிடைக்காமல் போகும். ஸ்மார்ட் இல்லாத பழைய டி.வி.யில் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் ஃபயர் டி.வி. ஸ்டிக் போன்ற ஒன்றைச் செருகினால் போதும், டி.வி.யையே மாற்ற வேண்டாம். திரையில் 'நோ சிக்னல்' என்று வந்தால் பெரும்பாலும் எதுவும் கெடவில்லை, டி.வி. வேறொரு காலித் துளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் என்ற பொத்தானை அழுத்திச் சரியான ஹெச்.டி.எம்.ஐ. எண்ணுக்கு வாருங்கள். இந்த ஒரு பொத்தான் தெரியாமல் மெக்கானிக்குக்குக் காசு கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

காசைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. ஒன்று ஆட்டோ பே. ஒரு முறை சம்மதம் கொடுத்தால் மாதாமாதம் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். வேண்டாத சந்தாவை நிறுத்த அதுதான் நேரம். 

மற்றது, வாட்ஸ்அப்பில் வரும் ஆசைகாட்டல். உலகத்துச் சேனல் எல்லாம், ஓ.டி.டி. எல்லாம், வருஷத்துக்கு ஒரே தொகை என்று ஒரு லிங்க்கோ, எம்3யூ பட்டியலோ, ஆப்பை நிறுவும் ஏ.பி.கே. ஃபைலோ அனுப்புவார்கள். அதற்கும் ஐ.பி.டி.வி. என்றுதான் பெயர் சொல்வார்கள். எம்3யூ என்பது சேனல் முகவரிகளின் பட்டியல், அவ்வளவுதான், அதில் தவறில்லை. அந்தப் பட்டியலில் இருப்பவை திருடப்பட்ட ஓடைகள் என்பதுதான் தவறு. கேபிள்காரரின் இரண்டாவது கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். படத்தை எடுத்தவருக்கு உங்கள் காசில் ஒரு பைசா போகாது. அந்த ஏ.பி.கே. உங்கள் ஃபோனில் இறங்கினால் வங்கிக் குறுஞ்செய்தியை யார் படிக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பென்ஷன் பணம் வரும் கணக்கு இருக்கிற ஃபோனில் அதை வைக்கவே கூடாது.

இலவசமாக, நேர்மையாகப் பார்க்க நிறைய இருக்கிறது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல யூடியூபில் நேரலையாகவே ஓடுகின்றன. தூர்தர்ஷனின் பொதிகை சேனல் 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் ஆனது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் வேவ்ஸ் என்ற ஆப்பையும் கொண்டுவந்தது.

எங்கள் வீட்டில் கடைசியில் ஐ.பி.டி.வி. பாக்ஸும் யூடியூபும் போதும் என்று ஆனது. பாக்ஸ் ரிமோட்டில் எண்கள் இருக்கின்றன. என் கணவருக்கு வேண்டிய சேனல்களின் புது எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டினேன். சோர்ஸ் பொத்தான் மேல் சிவப்பு டேப் ஒரு துண்டு. பார்க்காத மூன்று சந்தாக்களை நிறுத்தினேன். இடது கையால் அவரே மாற்றிக்கொள்கிறார். இரவு தூக்கம் வராவிட்டால் என்னை எழுப்பாமல் பழைய பாட்டுச் சேனலை வைத்துக்கொள்கிறார்.

ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ரிமோட்டை வாங்கி நீங்களே சரசரவென்று எல்லாம் செய்துவிட்டுப் போகாதீர்கள். அம்மா கையில் கொடுத்து, அவர் விரலால் அழுத்தவைத்து, அவர் தனியாக ஒரு முறை செய்யும்வரை பக்கத்தில் உட்காருங்கள். இணைப்புக் கொடுக்கும் கம்பெனிகள் தமிழில் ஒரு தாள் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். வழிக்கு எவ்வளவு, எந்தெந்த ஆப் சேர்ந்திருக்கிறது, அது எந்தத் தேதிவரை, டி.வி.யில் வருமா, எல்.ஓ.எஸ். சிவந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது. ஐந்தே வரி. அவர்கள் அச்சடிக்கும்வரை நீங்கள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, வந்தவரையே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.